மூட்டை இறங்கியது, லாரி குறையவில்லை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் கொலஸ்ட்ரால் பற்றி நாலு வரி எழுதப்போய், வந்து குவிந்த கேள்விகளில் முக்கால்வாசி ட்ரைகிளிசரைடு பற்றியே இருந்தன. சரி, இந்தத் தடவை முழுக்க அதற்கே ஒதுக்கிவிடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருந்து மூலக்கூறுகளைச் செய்து பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் குப்பை கொட்டிய கெமிஸ்ட், டாக்டர் இல்லை. "இந்த மாத்திரையை நிறுத்தலாமா, அந்த மாத்திரையை ஆரம்பிக்கலாமா" என்று எழுதியவர்கள் எல்லோருக்கும் பதில் ஒன்றுதான்: உங்களைப் பார்க்கிற டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு ட்ரைகிளிசரைடு 320. கொலஸ்ட்ராலுக்கு உடனே ஸ்டாடின் எழுதிக் கொடுத்த டாக்டர், இதற்கு மட்டும் "எடையைக் குறையுங்கள், இனிப்பை விடுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்கிறார். இதற்கு மருந்தே கிடையாதா சார்?
– ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

பதில்: மருந்து இருக்கிறது. அவர் அவசரப்படாததற்குக் காரணமும் இருக்கிறது.

ட்ரைகிளிசரைடு என்பது வேறொன்றும் இல்லை, சாட்சாத் கொழுப்பேதான். கிளிசரால் என்ற சின்ன மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கிக்கொண்டிருக்கும், உடம்பு எரிபொருளைச் சேமித்து வைப்பதும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதும் இந்த வடிவத்தில்தான். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சரி, 200 முதல் 499 வரை அதிகம், 500-க்கு மேல் மிக அதிகம்.

இதில் இரண்டு வேறு வேறு பயங்கள் கலந்து கிடக்கின்றன. பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். 500-ஐத் தாண்டியவர்களுக்கு, முக்கியமாக 1000-ஐத் தாண்டியவர்களுக்கு, பயம் கணையத்தைப் பற்றியது. கணைய அழற்சி வந்தால் உயிருக்கே ஆபத்து, எனவே அங்கே எண்ணைக் கீழே கொண்டுவருவதே சிகிச்சை, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உங்கள் 320-ஐப் பொறுத்தவரை பயம் இதயத்தைப் பற்றியது. அங்கே மருந்து கொடுத்து இந்த எண்ணைக் குறைத்தால் மாரடைப்பும் குறையுமா என்பதுதான் ஐம்பது வருடமாக இழுபறியில் இருக்கிற விஷயம். இதயத்தைக் காப்பதில் ஸ்டாடினுக்கு உறுதியான சான்று இருக்கிறது, அதை அவர் எழுதிவிட்டார். ட்ரைகிளிசரைடு ஏறுவதற்குப் பின்னால் பெரும்பாலும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், மது, அதிக எடை, தைராய்டு குறைவு, ஸ்டீராய்டு மாதிரியான வேறு மருந்து என்று ஏதாவது ஒளிந்திருக்கும், அதைச் சரிசெய்தாலே கணிசமாக இறங்கிவிடும். தவிர, இது நாளுக்கு நாள் ஏறி இறங்குகிற எண், ஒரே ஒரு தாளை வைத்து முடிவு கட்ட முடியாது. உங்கள் டாக்டர் செய்வது சோம்பேறித்தனம் இல்லை.

கேள்வி: ஒரு புது மருந்து ட்ரைகிளிசரைடை 26 சதவீதம் குறைத்தும் "ஆய்வு தோல்வி" என்று செய்தியில் படித்தேன். குறைந்ததா, இல்லையா? குறைந்தது என்றால் அது எப்படித் தோல்வி?
– பள்ளி ஆசிரியை

பதில்: நீங்கள் சொல்வது பெமாஃபைப்ரேட். ஜப்பானின் கோவா நிறுவனத்தின் மருந்து, ஜப்பானில் 2017-லேயே அனுமதி வாங்கியது. அதை வைத்து நடந்த பிராமினென்ட் என்ற ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. சர்க்கரை நோயும் 200 முதல் 499 வரை ட்ரைகிளிசரைடும் உள்ள 10,497 பேர், பெரும்பாலோர் ஏற்கெனவே ஸ்டாடின் சாப்பிடுகிறவர்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. நான்கு மாதத்தில் ட்ரைகிளிசரைடு 26 சதவீதம் இறங்கியது உண்மை. மூன்று வருடத்துக்கு மேல் பார்த்ததில் மாரடைப்பும் பக்கவாதமும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை, அதுவும் உண்மை.

ஏன் என்று கேட்டால், இங்கேதான் எனக்குப் பிடித்த லாரிக் கதையைச் சொல்ல வேண்டும். கொழுப்பு ரத்தத்தில் கரையாது. அதனால் கல்லீரல் அதை மூட்டை கட்டி, புரத உறை போட்ட துகள்களில் ஏற்றி அனுப்புகிறது. துகள்தான் லாரி, ட்ரைகிளிசரைடு அதில் ஏற்றிய மூட்டை. ஒவ்வொரு லாரிக்கும் ஏபோ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று, நம்பர் பிளேட் மாதிரி. ஏபோ-பியை எண்ணினால் சாலையில் எத்தனை லாரி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ரத்தக்குழாய்ச் சுவரில் முட்டி உள்ளே புகுந்து அடைப்பை உண்டாக்குவது லாரி, மூட்டை இல்லை. பெமாஃபைப்ரேட் மூட்டையை வேகமாக இறக்கியது. ஆனால் காலி லாரிகள் சாலையை விட்டுப் போகவில்லை, எல்டிஎல் என்ற சின்ன லாரிகளாக மாறி ஓடிக்கொண்டே இருந்தன. அந்த ஆய்வில் எல்டிஎல் 12 சதவீதம் ஏறியது, ஏபோ-பியும் கிட்டத்தட்ட 5 சதவீதம் ஏறியது. அப்புறம் மாரடைப்பு எப்படிக் குறையும்?

ட்ரைகிளிசரைடு குறைக்கும் மருந்து என்று யாராவது எதைக் காட்டினாலும் நான் இப்போது கேட்கிற முதல் கேள்வி, எவ்வளவு குறைந்தது என்பதில்லை, எந்த வழியாகக் குறைந்தது, ஏபோ-பி என்ன ஆனது என்பதுதான். இந்தப் புத்தி எங்கள் தலைமுறைக்கு ரொம்பத் தாமதமாக வந்தது.

கேள்வி: சார், இப்படி ஒரு மருந்தைத் தேட ஆரம்பிக்கிறவர்கள் முதலில் எங்கே கை வைப்பார்கள்? பாடப்புத்தகத்தில் "டார்கெட்டைத் தேர்ந்தெடு, லீட் மூலக்கூறைக் கண்டுபிடி, மெருகேற்று" என்று மூன்று வரியில் முடித்துவிட்டார்கள்.
– பி.பார்ம் மூன்றாம் ஆண்டு மாணவி

பதில்: அந்த மூன்று வரி முழுப் பொய் இல்லை, ஆனால் ஃபைப்ரேட்டுகளின், அதாவது மேலே சொன்ன பெமாஃபைப்ரேட்டின் குடும்பத்தின், கதை அதற்கு நேர் தலைகீழ். மருந்து முதலில் வந்தது, டார்கெட், அதாவது அது உடம்பில் போய்ப் பிடிக்கிற இலக்கு, முப்பது வருடம் கழித்து வந்தது.

பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் தார்ப், வாரிங் என்ற இருவர் 1962-ல் நேச்சர் இதழில் குளோஃபைப்ரேட் பற்றி எழுதினார்கள். அப்போது அது ஆண்ட்ரோஸ்டீரோன் என்ற ஹார்மோனுடைய கூட்டாளி என்றுதான் நினைத்தார்கள், இரண்டையும் கலந்து அட்ரோமிட் என்ற பெயரில் மருந்தாக்கினார்கள். பிறகு பார்த்தால் ஹார்மோனுக்கு அதில் வேலையே இல்லை, குளோஃபைப்ரேட் தனியாகவே எல்லாவற்றையும் செய்கிறது. கழற்றிவிட்டு அட்ரோமிட்-எஸ் என்று விற்றார்கள். எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. எலிக்குக் கொடுத்தால் கல்லீரல் வீங்கியது, செல்லுக்குள் பெராக்ஸிசோம் என்ற சின்னஞ்சிறு உறுப்புகள் பெருகின, நீண்ட நாள் கொடுத்தால் கல்லீரலில் கட்டி வந்தது. அந்தப் பெருக்கத்தை உண்டாக்குவது எது என்று தோண்டிக்கொண்டே போனவர்கள் 1990-ல் ஒரு ஏற்பியை (மருந்து வந்து ஒட்டியதும் வேலையைத் தொடங்கும் புரதம்) கண்டுபிடித்து அதற்கு "பெராக்ஸிசோம் பெருக்கிகளால் தூண்டப்படும் ஏற்பி" என்று நீட்டிப் பெயர் வைத்தார்கள். அதுதான் உங்கள் பாடத்தில் வரும் பிபிஏஆர்-ஆல்ஃபா. வேடிக்கை என்னவென்றால், மனிதக் கல்லீரலில் அந்தப் பெருக்கம் பெரிதாக நடப்பதில்லை. எலிக்கு வந்த வியாதியின் பெயரை மனித ஏற்பிக்கு வைத்துவிட்டு எல்லோரும் இன்றைக்கும் அதையே உச்சரித்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கிடையில் குளோஃபைப்ரேட்டை எடின்பரோ, புடாபெஸ்ட், பிராக் நகரங்களில் ஆயிரக்கணக்கான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 1978-ல் வெளியானது. உயிரைப் பறிக்காத மாரடைப்பு குறைந்தது, ஆனால் மொத்தச் சாவு கூடிவிட்டது. மருந்தின் பெயரே கெட்டது.

சரி, மெருகேற்றுவது என்றால் என்ன என்பதற்கு இதே குடும்பத்தை வைத்தே சொல்லலாம். குளோஃபைப்ரேட்டின் எலும்புக்கூடு ஃபீனாக்ஸி ஐசோபியூட்டிரிக் அமிலம், ஒரு முனையில் அமிலத் தலை, மறுமுனையில் குளோரின் ஒட்டிய வளையம். 1970-களில் பிரான்சின் ஃபூர்னியே ஆய்வகத்தினர் வால் பக்கம் இன்னொரு வளையத்தைச் சேர்த்து ஃபீனோஃபைப்ரேட் செய்தார்கள், வீரியம் கூடியது. ஆனால் அது தண்ணீரில் கரையாத பண்டம், வயிற்றுக்குள் போனதில் நிறைய அப்படியே வெளியே வந்துவிடும். அதற்குப் புது மூலக்கூறு தேடவில்லை, தூளை நைஸாக அரைத்தார்கள். சாதாரணத் தூளில் 300 மில்லிகிராம் தேவைப்பட்ட இடத்தில் மைக்ரோ தூளில் 200 போதும் என்றானது, நானோ அளவுக்கு அரைத்தபோது 145-க்கு இறங்கியது. வேதியியல் ஒரு மாற்றமும் இல்லை, வெறும் அரவைதான். மருந்து வேலையில் பாதி இப்படித்தான், கெமிஸ்ட்டுகள் ஒத்துக்கொள்ள மாட்டோம். பெமாஃபைப்ரேட் வரும்போது அமிலத் தலையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றி, பிபிஏஆர்-ஆல்ஃபாவின் குழிக்குள் சாவி போல உட்காரும்படி செதுக்கினார்கள், ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம்கூடத் தேவையில்லை. மூலக்கூறாகப் பார்த்தால் அழகோ அழகு. அந்த அழகை நம்பிப் பத்தாயிரம் பேரை வைத்துப் பார்த்தபோது என்ன ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன். டார்கெட்டில் இருக்கிற குறையை எவ்வளவு நல்ல கெமிஸ்ட்ரியாலும் சரிசெய்ய முடியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இப்போது தேட ஆரம்பிக்கிறவர்கள் எலியிலிருந்து தொடங்குவதில்லை, மனித மரபணுவிலிருந்து தொடங்குகிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆமிஷ் சமூகத்தினரிடம் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. அவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு ஏபோ-சி3 என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு பிரதி பழுது. அவர்களுக்கு அந்தப் புரதம் மற்றவர்களில் பாதிதான், ட்ரைகிளிசரைடும் குறைவு, இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்புப் படிவும் குறைவு. 2014-ல் வேறு மக்களிடமும் பார்த்தார்கள், இந்தப் பழுது உள்ளவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. இயற்கையே பிறப்பிலிருந்து சாவு வரை ஒரு ட்ரையல் நடத்தி முடிவைக் கையில் கொடுத்த மாதிரி. ரத்தக்குழாய்ச் சுவரில் மூட்டையை இறக்குகிற கூலியாள் ஒருவர் இருக்கிறார், லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்ற நொதி. ஏபோ-சி3 அவர் கையைப் பிடித்துத் தடுக்கிறது, காலி லாரியைக் கல்லீரல் திரும்ப உள்ளே இழுப்பதையும் தடுக்கிறது. தடுக்கிறவரை நீக்கினால் போதும்.

ஆனால் மரபணு கை காட்டினாலும் எல்லாம் சரியாக வரும் என்று இல்லை. ஏஎன்ஜிபிடிஎல்3 என்ற இன்னொரு புரதமும் இதே மாதிரி மரபணுச் சான்றோடு வந்ததுதான். அதை ஆன்டிபாடியால் தடுக்கும் எவினாகுமாப், பரம்பரையாக எல்டிஎல் எக்கச்சக்கமாக ஏறும் அரிய நோய்க்கு 2021-ல் அனுமதி வாங்கிவிட்டது. அதே புரதத்தை வேறு விதமாக, கல்லீரலிலேயே உற்பத்தி ஆகாமல் செய்யப் பார்த்த வுபனோர்சென் கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்து 2022-ல் கைவிடப்பட்டது. இலக்கு ஒன்று, வழி வேறு, முடிவும் வேறு.

கேள்வி: ஒரு மூலிகையிலிருந்து பிரித்த சேர்மம் எலிகளில் ட்ரைகிளிசரைடை 24 மணி நேரத்தில் பாதியாகக் குறைத்ததாக ஆய்வுக் கட்டுரை படித்தேன். இதை ஏன் மருந்தாக்காமல் வைத்திருக்கிறார்கள்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: அந்த 24 மணி நேரம் என்பதைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம், அது டிரைட்டன் எலியாகத்தான் இருக்கும். டிரைட்டன் என்பது சோப்பு மாதிரியான ஒரு ரசாயனம். அதை எலியின் ரத்தத்தில் ஏற்றினால் மூட்டை இறக்கும் அந்த லிப்பேஸ் முடங்கிவிடும், கல்லீரல் அனுப்புகிற கொழுப்பெல்லாம் ரத்தத்திலேயே தேங்கி எண் கன்னாபின்னாவென்று ஏறும். கல்லீரல் மணிக்கு எவ்வளவு கொழுப்பை வெளியே அனுப்புகிறது என்று அளக்க அருமையான சோதனை. ஆனால் அது நோய் அல்ல, அணையை அடைத்துவிட்டுத் தண்ணீர் ஏறுவதைப் பார்ப்பது. அதில் குறைந்தால் மனிதனுக்கும் குறையும் என்பது பெரிய தாவல். போதாததற்கு எலிக்குச் சிஇடிபி என்ற புரதமே கிடையாது, மனிதனில் துகள்களுக்கு நடுவே கொழுப்பை மாற்றிக்கொடுப்பது அதுதான். அதனால் எலியின் கொழுப்புப் போக்குவரத்தே நம்முடையதிலிருந்து வேறு. வெள்ளெலிக்கு (ஹாம்ஸ்டர்) அது உண்டு, ஆகவே இந்த வேலைக்கு வெள்ளெலி கொஞ்சம் தேவலாம்.

என் சொந்தக் கதை ஒன்று. நாங்கள் செய்த ஒரு மூலக்கூறை எலிகளின் தீவனத்தில் கலந்து இரண்டு வாரம் கொடுத்தோம். ட்ரைகிளிசரைடு அறுபது சதவீதம் விழுந்தது. கூடத்தில் கொண்டாட்டம், இனிப்பு வேறு வாங்கிவிட்டோம். மூன்றாவது வாரம் விலங்கு அறையில் வேலை பார்த்த பெண் வந்து, "சார், இதுங்க தீவனத்தையே தொடுறதில்லையே" என்றார். எடை போட்டுப் பார்த்தால் எல்லாம் இளைத்துப் போயிருந்தன. மருந்து கொடூரக் கசப்பு. பட்டினி போட்டால் எந்த எலிக்குத்தான் ட்ரைகிளிசரைடு குறையாது? மருந்து தராத எலிகளுக்கும் அதே அளவு குறைத்துத் தீவனம் கொடுத்து ஒப்பிட்டபோது எங்கள் அறுபது சதவீதம் கரைந்து காணாமல் போனது. அன்றிலிருந்து இந்த மாதிரிக் கட்டுரையைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது எலிகளின் உடல் எடை அட்டவணையைத்தான், அது இல்லை என்றால் மேலே படிப்பதில்லை. நீங்கள் படித்த கட்டுரையில் எலிக்கு ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராம் கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். 200, 400 என்று இருந்தால், உடல் பரப்பை வைத்துச் சரிக்கட்டிக் கணக்குப் போட்டாலும் மனிதனுக்கு கிராம் கணக்கில் வரும். அதை மாத்திரையாக்குவது லேசில்லை.

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரையே ட்ரைகிளிசரைடைக் குறைக்கும்போது புது மருந்து எதற்கு? கம்பெனிகள் மறைக்கிறார்களா?
– கோபமான வாசகர்

பதில்: மறைக்கவில்லை, அவர்களே அதை மருந்தாக்கி விற்கிறார்கள். ஒமேகா-3 ஒரு நாளைக்கு நாலு கிராம் கொடுத்தால் கல்லீரலின் கொழுப்பு உற்பத்தி குறைந்து ட்ரைகிளிசரைடு இறங்கும், அது தெரிந்த சங்கதி. கடையில் கிடைக்கும் சாதாரண மீன் எண்ணெய்க் குப்பியில் ஒரு மாத்திரைக்கு ஒமேகா-3 அதில் சிறு பங்குதான் இருக்கும், ஒன்றோ இரண்டோ விழுங்கி அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

சுவாரசியம் எங்கே என்றால், இரண்டு பெரிய ஆய்வுகள் நேரெதிராக முடிந்ததில். ரெட்யூஸ்-இட் ஆய்வில் 8,179 பேர். ஈபிஏ என்ற ஒரே ஒமேகா-3 அமிலத்தைச் சுத்திகரித்துத் தினம் நாலு கிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 25 சதவீதம் குறைந்ததாக 2018-ல் அறிவித்தார்கள். ஸ்ட்ரெங்த் ஆய்வில் 13,078 பேர், அதே நாலு கிராம், ஆனால் ஈபிஏவும் டிஹெச்ஏவும் கலந்தது. பலன் இல்லை என்று 2020-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். இரண்டிலும் ட்ரைகிளிசரைடு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இறங்கியது! ஆக, முதல் ஆய்வில் கிடைத்த பலனுக்கு ட்ரைகிளிசரைடு காரணம் இல்லை என்று ஆகிறது.

அப்புறம் எது காரணம்? ஈபிஏவுக்குத் தனி குணம் இருக்கிறது என்கிறது ஒரு கட்சி. இன்னொரு கட்சி வெற்று மாத்திரையைக் கை காட்டுகிறது. ரெட்யூஸ்-இட்டில் வெற்று மாத்திரைக்கு மினரல் ஆயில் வைத்தார்கள், அதைச் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல்லும் அழற்சிக் குறியீடும் ஏறின. எதிராளி நொண்டியதால் இவர் ஜெயித்தார் என்பது வாதம். ஸ்ட்ரெங்த்தில் வைத்தது சோள எண்ணெய். எனக்கு, உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று தோன்றுகிறது, மினரல் ஆயில் மட்டுமே 25 சதவீதத்தையும் விழுங்கியிருக்கும் என்று நம்ப முடியவில்லை. இரண்டு ஆய்வுமே ஒத்துப்போன இன்னொன்றும் உண்டு, இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடியது. மீன்தானே என்று அலட்சியமாக அள்ளி விழுங்க வேண்டாம்.

கேள்வி: நியாசின் வைட்டமின்தானே? தாராளமாகச் சாப்பிடலாமா?

பதில்: வைட்டமின் அளவு மில்லிகிராம் கணக்கு, ட்ரைகிளிசரைடு குறைய கிராம் கணக்கு. அந்த அளவில் முகமெல்லாம் தீப்பிடித்த மாதிரி சிவந்து எரியும். 25,673 பேரை வைத்து நடந்த ஹெச்பிஎஸ்2-திரைவ் ஆய்வு 2014-ல் வந்தது, ஸ்டாடினோடு சேர்த்துக் கொடுத்ததில் இதயத்துக்குப் பலன் இல்லை, சர்க்கரை நோய், ரத்தக்கசிவு, தொற்று எல்லாம் கூடின. வேண்டாம்.

கேள்வி: கொழுப்பையும் சர்க்கரையையும் ஒரே மூலக்கூறால் குறைக்கும் "கிளிட்டசார்" மருந்துகள் பற்றிப் பேராசிரியர் ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டார். ஏன்?
– எம்.பார்ம் மாணவர்

பதில்: வலிக்கிற இடம், அதனால் இருக்கும். பிபிஏஆர்-ஆல்ஃபாவைத் தூண்டினால் ட்ரைகிளிசரைடு குறையும், அதன் உடன்பிறப்பான பிபிஏஆர்-காமாவைத் தூண்டினால் சர்க்கரை குறையும், ஒரே மூலக்கூறு இரண்டையும் தூண்டினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 2000-களில் பெரிய கம்பெனிகள் எல்லாம் இதன் பின்னால் ஓடின. முராகிளிட்டசார் 2005-ல் நிபுணர் குழுவின் ஆதரவையே வாங்கிவிட்டது, அடுத்த மாதமே அதன் தரவை மறுபடி அலசியவர்கள் மாரடைப்பும் சாவும் கூடுவதைக் காட்டினார்கள், கதை முடிந்தது. டெசாகிளிட்டசார் சிறுநீரகக் குறியீட்டைக் கெடுத்ததால் 2006-ல் நின்றது. அலெகிளிட்டசார் 2013-ல், இதயச் செயலிழப்பு, எலும்பு முறிவு என்று வந்ததால் நின்றது. இரண்டு நல்லதைக் கூட்டும்போது இரண்டின் கெடுதலும் சேர்ந்தே வரும், அதுவும் காமா பக்கத்தால் உடம்பில் நீர் தேங்குவதும் எடை ஏறுவதும் லேசில் விடாது.

தப்பித்தது இந்தியாவின் ஸைடஸ் செய்த சாரோகிளிட்டசார். 2013-ல் இந்தியாவில் அனுமதி வாங்கியது. ஆல்ஃபாவை வலுவாகவும் காமாவை மிதமாகவும் தூண்டுமாறு சமன் செய்த மூலக்கூறு அது. அந்த விகிதத்தைப் பிடித்ததுதான் சாமர்த்தியம். அனுமதி கிடைத்தது ட்ரைகிளிசரைடு எண்ணை வைத்து என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஏன் என்று இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

கேள்வி: என் மகனுக்குப் பிறவியிலேயே லிப்பேஸ் வேலை செய்யாத நோய் என்றார்கள். ரத்தம் எடுத்தால் பால் மாதிரி இருக்கிறது, ட்ரைகிளிசரைடு 3000. இரண்டு முறை கணைய அழற்சியால் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கொழுப்பே இல்லாத சாப்பாடுதான் ஒரே வழி என்கிறார்கள். ஏதாவது வருமா ஐயா?
– ஒரு தகப்பன்

பதில்: வந்தேவிட்டது ஐயா. உங்கள் கடிதத்துக்குத்தான் இந்தத் தடவை நல்ல செய்தி சொல்ல முடிகிறது.

இது பத்து லட்சத்தில் ஒரு சிலருக்கு வரும் நோய். லிப்பேஸே இல்லாததால் அதைத் தூண்டும் ஃபைப்ரேட் முதலியவை பெரிதாக உதவாது. லிப்பேஸ் மரபணுவையே ஊசி மூலம் தசைக்குள் செலுத்தும் கிளைபெரா என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் 2012-ல் அனுமதி கிடைத்தது, மேற்கத்திய உலகில் அனுமதி பெற்ற முதல் மரபணு சிகிச்சை. ஒருவருக்குப் பத்து லட்சம் யூரோ அளவுக்கு ஆகும் என்றார்கள், வாங்க ஆளில்லாமல் 2017-ல் சந்தையை விட்டே போனது.

திருப்பம் வந்தது ஏபோ-சி3 பக்கமிருந்து. அந்தப் புரதம் உருவாகாமல் தடுக்கும் வோலனெசோர்சென் என்ற ஊசியை, லிப்பேஸே இல்லாத மூன்று பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2014-ல் வெளியானது. ஏட்டுக் கணக்குப்படி அவர்களுக்கு அது வேலை செய்யவே கூடாது. மூன்று பேருக்கும் ட்ரைகிளிசரைடு பாதிக்கும் கீழே விழுந்தது! லிப்பேஸ் இல்லாத இன்னொரு வழியிலும் கொழுப்பை உடம்பு அகற்றுகிறது, ஏபோ-சி3 அதையும் அடைத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. வெறும் மூன்று பேர், ஆனால் ஒரு துறையின் போக்கையே மாற்றினார்கள்.

வோலனெசோர்சென் வாரம் 285 மில்லிகிராம் ஊசி, சிலருக்கு ரத்தத் தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்தன. அமெரிக்கா மறுத்தது, ஐரோப்பா 2019-ல் நிபந்தனையோடு அனுமதித்தது. பிறகு அதே மரபணு வரிசையைக் குறிவைத்து, மூலக்கூறின் முனையில் கல்லீரல் செல்லுக்கு மட்டும் முகவரி காட்டும் ஒரு சர்க்கரைக் கொத்தை ஒட்டினார்கள். மருந்து வேறெங்கும் அலையாமல் நேராகக் கல்லீரலுக்குப் போனது, மாதம் 80 மில்லிகிராம் போதும் என்றானது. அதுதான் ஓலெசார்சென், 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி. 66 பேரை வைத்து நடந்த ஆய்வில் கணைய அழற்சி வெற்று ஊசிக் குழுவில் 11 தடவை வந்தது, மருந்து கொடுத்த இரண்டு குழுக்களில் தலா ஒரு தடவைதான். பிளோசாசிரான் என்ற இன்னொன்று மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, ஆய்வில் ட்ரைகிளிசரைடை 80 சதவீதம் குறைத்தது, 2025 நவம்பரில் அதற்கும் அனுமதி.

உங்கள் மகனுக்கு எது பொருந்தும், வயது வரம்பு என்ன, எப்படிக் கிடைக்கும் என்பதையெல்லாம் லிப்பிட் நோய்களைப் பார்க்கும் சிறப்பு டாக்டரிடம்தான் பேச வேண்டும், மரபணுப் பரிசோதனைத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். ஊசி கிடைத்தாலும் கொழுப்பில்லாச் சாப்பாட்டை விட முடியாது, ஆய்வுகளே அந்தச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் நடந்தன. வயிற்றின் மேல்பக்கம் வலி முதுகு வரை போனால் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: எந்த மருந்துக்கும் அசையாமல் பத்து வருடமாக என் ட்ரைகிளிசரைடு 500-க்கு மேலேயே நிற்கிறது. ரத்தம் மட்டும் தெளிவாக இருக்கிறதே என்று லேப்காரரே ஆச்சரியப்படுகிறார். நான் என்ன அதிசயப் பிறவியா?
– தொழிற்சாலை மேற்பார்வையாளர்

பதில்: இருக்கலாம்! பெரும்பாலான லேப் முறைகள் ட்ரைகிளிசரைடை நேராக அளப்பதில்லை, அதை உடைத்து வரும் கிளிசராலைத்தான் அளக்கின்றன. கிளிசரால் கைனேஸ் என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள சில ஆண்களுக்கு ரத்தத்தில் கிளிசரால் சும்மாவே நிறைய ஓடும், கருவி அதையும் ட்ரைகிளிசரைடு என்று எண்ணிவிடும். எண் எகிறும், ரத்தம் தெளிந்த நீராக இருக்கும், மருந்து எதுவும் எடுபடாது, குறைக்கத்தான் அங்கே ஒன்றும் இல்லையே. எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு என்பதால் பெரும்பாலும் ஆண்களுக்கே இது வரும். "கிளிசராலைக் கழித்து அளந்து தர முடியுமா" என்று டாக்டர் மூலமாக லேப்பில் கேட்டுப் பாருங்கள், முடிவு வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.